பைபாஸ் முடிஞ்சாச்சு, இனி எவ்வளவு வேலை செய்யலாம்?

1/
பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஓபிக்கு வர்றவங்க பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேப்பாங்க. "டாக்டர், நான் நல்லாயிட்டேனா?"

சின்னக் கேள்விதான். ஆனா அதுக்குள்ள நாலஞ்சு கேள்வி ஒளிஞ்சிருக்கு. வேலைக்குப் போலாமா? மாடி ஏறலாமா? மூட்டை தூக்கலாமா? மனைவியோட சேர்ந்து இருக்கலாமா? கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேக்குறதில்ல. கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க.

"நல்லாயிட்டீங்க, கவலைப்படாதீங்க"ன்னு அனுப்பிடலாம். அது ஆறுதல், பதில் கிடையாது. அளந்து சொல்லக்கூடிய பதில் ஒண்ணு இருக்கு. அதைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடுறேன். நான் இருதய நிபுணர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற டாக்டர். எப்ப டெஸ்ட் எடுக்கணும், எவ்வளவு தூரம் போகணும்னு முடிவு பண்றது இருதய நிபுணரும் அறுவை சிகிச்சை நிபுணரும்தான். அவங்க எழுதிக் குடுத்த சீட்டைக் கையில வச்சுக்கிட்டு "இதுல என்ன சார் போட்டிருக்கு?"ன்னு கேக்குறவங்களுக்குப் புரிய வைக்கிற வேலை எங்களுக்கு வரும்.

இதுல வர்ற நோயாளிகளோட அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/
பைபாஸ்னா என்ன? இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல அடைப்பு. அந்த அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப்பாதை போடுறாங்க. நம்ம ஊர்ல ரிங் ரோடு போட்ட மாதிரின்னு வச்சுக்கங்க. நெஞ்சுக்கு உள்பக்கம் ஓடுற தமனியையும் கால்ல இருக்குற சிரையையும் எடுத்து அந்தப் பாதையைத் தைக்கிறாங்க.

இதுக்காக நெஞ்செலும்பை நடுவுல அறுத்துத் திறந்து, முடிஞ்சதும் எஃகுக் கம்பியால கட்டி மூடுறாங்க. அந்த எலும்பு கூடுறதுக்கு மட்டும் 6 முதல் 12 வாரம் ஆகும்.

தையல் பிரிச்சாச்சு, தழும்பு காஞ்சிருச்சு. அதைப் பார்த்து "ஆறிருச்சு"ன்னு சொல்றோம். ஆறுனது தோல். எலும்பு, இதயத் தசை, நுரையீரல், படுத்தே கிடந்ததுல இளைச்சுப்போன கால் தசை, அப்புறம் மனசு... இது ஒவ்வொண்ணும் தனித்தனி வேகத்துல தேறும்.

4/
"ஈசிஜி நல்லாருக்கு, எக்கோ நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்களே டாக்டர்?"

நல்ல விஷயம். ஆனா சாதாரண ஈசிஜியும் எக்கோவும் படுத்திருக்கும்போது எடுக்குறது. பைக்கை ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணா இன்ஜின் அழகாத்தான் ஓடும். அதே பைக்குல ரெண்டு பேர் உக்காந்து அழகர்மலை ஏத்தத்துல ஏறும்போதுதான் அது திணறுமா இல்லையான்னு தெரியும்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுது. கடுமையா உழைக்கும்போது அது மூணு நாலு மடங்கு ஏறணும். குழாய்ல 70 சதவீதம் அடைப்பு இருந்தாலும், ஓய்வுல இருக்குற இதயத்துக்கு வேண்டிய ரத்தம் ஓரளவு போயிடும். வேலைன்னு வரும்போதுதான் பத்தாம போகும். அதனால வேலை குடுத்துப் பார்த்தாத்தான் விவரம் தெரியும்.

5/
இது ஒண்ணும் புது யோசனை இல்ல. ஒரு காலத்துல மாரடைப்பு வந்தவங்களை ஆறு வாரம் வரைக்கும் கட்டிலை விட்டு இறக்கவே மாட்டாங்க. 1952ல போஸ்டன்ல சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன்னு ரெண்டு டாக்டர்கள் "கட்டில் வேணாம், நாற்காலியில உக்கார வைங்க"ன்னு எழுதுனதே அன்னைக்குப் பெரிய புரட்சி.

1963ல சியாட்டில்ல ராபர்ட் புரூஸ், ஓடும் பட்டையில நடக்க வச்சு இதயத்தைச் சோதிக்கிற முறையை ஒழுங்குபடுத்துனார். இன்னைக்கும் மதுரையில டிஎம்டி எடுத்தா பெரும்பாலும் "புரூஸ் புரோட்டோகால்"னுதான் ரிப்போர்ட்ல இருக்கும்.

1967ல கிளீவ்லாந்துல ரெனே ஃபவலோரோ கால் சிரையை வச்சு பைபாஸ் பண்ணிக் காட்டுனார். 1975ல நம்ம பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவோட முதல் பைபாஸைப் பண்ணார்.

6/
அன்னைக்கு அது பத்திரிகைச் செய்தி. இன்னைக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல கூலி வேலை பார்க்குறவருக்கும் பைபாஸ் நடக்குது. நம்ம பெரியாஸ்பத்திரியில, அதாவது பழைய ஆளுங்க இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னு சொல்ற அரசு இராஜாஜி மருத்துவமனையிலயே, இருதய அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கு.

ஆபரேஷனுக்கு வழி கிடைச்சிருச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த மனுஷன் எவ்வளவு வேலை செய்யலாம்னு யார் சொல்றது? இதய மறுவாழ்வுச் சிகிச்சைன்னு ஒரு துறையே இருக்கு. நம்ம நாட்டுல பெரும்பாலானவங்களுக்கு அது எட்டுறதில்ல. டிஸ்சார்ஜ் சீட்டுல மாத்திரை இருக்கும், உப்பைக் குறைன்னு இருக்கும், "கனமான வேலை கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும். எது கனம்? குடமா? குழந்தையா? சிமெண்ட் மூட்டையா?

7/
டிஎம்டியில என்ன நடக்கும்?

நெஞ்சுல ஈசிஜி ஒயர் ஒட்டுவாங்க, கையில பிபி பட்டை கட்டுவாங்க. புரூஸ் முறையில மூணு நிமிஷத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்துல மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏத்தம். அடுத்தது 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூணாவது 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். இப்படி ஏறிக்கிட்டே போகும். ஆபரேஷன் ஆனவங்களுக்கும் வயசானவங்களுக்கும் இதைவிட மெதுவா, ஏத்தமே இல்லாம ஆரம்பிக்கிற மாத்து முறையும் உண்டு.

பக்கத்துல டாக்டர் நிப்பார். அதிர்ச்சி குடுக்குற டிஃபிப்ரிலேட்டர் மெஷினும் தயாரா இருக்கணும். நெஞ்சு வலி, தலைசுத்தல், பிபி இறங்குறது, ஈசிஜியில மாற்றம், எது வந்தாலும் நிறுத்திடுவாங்க. "போதும் சார்"னு நீங்க சொன்னாலும் நிறுத்திடுவாங்க.

ஒரு சின்ன விஷயம்: கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுத் தொங்காதீங்க. அப்புறம் வர்ற எண் உங்க உண்மையான சக்தியைவிடக் கூடுதலாக் காட்டும்.

8/
முடிவுல ஒரு எண் வரும். அதுக்குப் பேர் "மெட்". ரிப்போர்ட்ல நீங்க தேட வேண்டியது இதைத்தான்.

சும்மா உக்காந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி 1 மெட். ஒரு வேலைக்கு 4 மெட்னா, சும்மா இருக்குறதைவிட நாலு மடங்கு செலவு. புரூஸ் முறையில மூணு நிமிஷம் முடிச்சா சுமார் 4 முதல் 5 மெட். ஆறு நிமிஷம் முடிச்சா சுமார் 7. ஒன்பது நிமிஷம் முடிச்சா சுமார் 10.

இப்ப இதை நம்ம வாழ்க்கைக்கு மாத்துங்க. மெதுவா நடக்குறது, வீடு கூட்டுறது 3 ஒட்டி. ரெண்டு மாடி ஏறுறது சுமார் 4. சைக்கிளை நிதானமா மிதிக்கிறது 4. தாம்பத்தியம் 3 முதல் 5க்குள்ள. மம்பட்டி போட்டு வெட்டுறது 5க்கு மேல, வேகத்தைப் பொறுத்து. மூட்டை சுமக்குறது சுமார் 8.

கதவுகிட்ட திரும்பிப் பார்த்துட்டுப் போறவங்களுக்கான பதிலும் இதுலயே இருக்கு. 6, 7 மெட் வரைக்கும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இல்லாமப் போயிட்டீங்க, நெஞ்செலும்பும் கூடிருச்சுன்னா, தயங்க வேண்டியதில்ல.

9/
கீழமாசி வீதி பக்கம் லோடுமேனா இருந்த ஒருத்தர். வயசு ஐம்பதுக்கு மேல. பைபாஸ் முடிஞ்சு நாலு மாசம். வீட்டுல வாசலுக்குப் பக்கத்துல கட்டில் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. தண்ணிச் சொம்பைக்கூட மனைவி தூக்கித்தான் குடுப்பாங்க. அவ்வளவு பாசம், அவ்வளவு பயம்.

"சும்மா உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது சார். மறுபடி மூட்டை தூக்கலாமா, மாட்டேனா, ஒண்ணைச் சொல்லுங்க"ன்னார்.

பக்கத்துல நின்ன அவர் மனைவி, "தூக்கக் கூடாதுன்னு சொல்லுங்க டாக்டர்"னாங்க.

ரெண்டு பேரும் என் வாயைத்தான் பார்க்குறாங்க. நான் இருதய நிபுணர்கிட்ட அனுப்புனேன். டிஎம்டி எடுத்தாங்க. ஆறு நிமிஷம் முடிச்சார், சுமார் 7 மெட். வலி இல்ல, ஈசிஜியில மாற்றம் இல்ல, கால்தான் ஓஞ்சுபோச்சு.

10/
7 மெட் போனவர் 7 மெட் வேலையை நாள் பூரா செய்யலாமா? கூடாது. அது உச்சம்.

மருத்துவத்துல ஒரு கணக்கு வச்சிருக்கோம். எட்டு மணி நேர வேலையோட சராசரி, உச்சத்துல 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடுநடுவுல கொஞ்ச நேரம் வர்ற கடினமான வேலை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அவருக்கு 40 சதவீதம்னா 2.8. 80 சதவீதம்னா 5.6. மூட்டை சுமக்க 8 வேணும். ஆக, மூட்டை இப்ப முடியாது. ஆனா எடை போடுறது, கணக்கு எழுதுறது, கடைக்கு நடந்து போயிட்டு வர்றது தாராளமா முடியும். சொம்பு தூக்கலாம், மாடி ஏறலாம்.

அந்தம்மாவுக்குப் பாதி நிம்மதி. அவருக்கும் பாதி நிம்மதி. முதல் தடவையா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பதில் கிடைச்சது.

11/
இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு.

டிஎம்டி காலை வச்சுச் செய்யுற சோதனை. மூட்டை தூக்குறது கை, தோள், மூச்சைப் பிடிச்சுத் தம் கட்டுற வேலை. அதே மெட் அளவுல கை வேலைக்கு பிபி கூடுதலா ஏறும்.

இன்னொண்ணு, நம்ம வெயில். டிஎம்டி எடுக்குறது ஏசி ரூம்ல. சித்திரை வெயில்ல 40 டிகிரியில மேலூர்ப் பக்கம் வயல்ல நிக்கிறவருக்கு, வேலைக்கு மேல உடம்பைக் குளிர வைக்கிற பாரமும் இதயத்துக்குத்தான். தோலுக்கு ரத்தத்தை அனுப்பணும், வேர்வையில தண்ணி போகுது, துடிப்பு கூடுது. அதனால ஏசி ரூம் எண்ணை அப்படியே வெயிலுக்குக் கொண்டு போகாதீங்க. காலையில, சாயங்காலம் வேலையை வச்சுக்கங்க. தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னு உங்க டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க, சிலருக்கு அளவு போட்டிருப்பாங்க.

12/
அவருக்கு நடைப்பயிற்சி எழுதிக் குடுத்தாங்க. பீடியை விடச் சொன்னாங்க, ஆபரேஷன்லயே விட்டுட்டேன்னார். மூணு மாசம் கழிச்சு மறுபடி டிஎம்டி. ஒன்பது நிமிஷம், சுமார் 10 மெட்.

40 சதவீதம்னா 4. 80 சதவீதம்னா 8. இப்ப மூட்டை எல்லைக் கோட்டுல வந்து நிக்குது. கை வேலையையும் வெயிலையும் சேர்த்தா தாண்டிரும். நிபுணர் "தள்ளுவண்டி சரி, தலைச்சுமை வேணாம்"னு எழுதிக் குடுத்தார்.

இப்ப டிராலி தள்ளுறார். கூலி முன்ன மாதிரி இல்ல. அதை நான் மறைக்க விரும்பல. ஆனா கட்டில்ல உக்காந்திருந்த மனுஷன் கடைத்தெருவுல நிக்கிறார்.

13/
இந்த எண் வேலைக்கு மட்டும் உதவுறதில்ல. அமெரிக்காவுல 6,213 ஆண்களை டிரெட்மில்ல ஏத்திப் பார்த்து 2002ல ஒரு ஆய்வு வெளியாச்சு. ஒரு மெட் கூடக் கூட, உயிர் பிழைச்சிருக்குற வாய்ப்பு 12 சதவீதம் கூடுனதாக் கணக்கு. சக்கரை, பிபி, புகைன்னு நாம பயப்படுற விஷயங்களைவிட இந்த எண்தான் ஆயுளைத் துல்லியமாச் சொல்லுச்சு. அந்த எண்ணை நடந்தே ஏத்தலாம்ங்கிறதுதான் இதுல நல்ல சேதி.

"6,213 ஆண்கள்"ங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி வருவோம்.

14/
ரிப்போர்ட் வந்ததும் நடக்குற குழப்பம் ஒண்ணு. "டிஎம்டி நெகட்டிவ்"னு போட்டிருக்கும். முகம் வாடிப் போயிடும். பயப்படாதீங்க, நெகட்டிவ்னா அடைப்புக்கான அறிகுறி தெரியலன்னு அர்த்தம். நல்ல செய்தி.

பாசிட்டிவ்னு வந்தா? உடனே "போட்ட பைபாஸ் அடைச்சிருச்சு"ன்னு முடிவு கட்டாதீங்க. ஆபரேஷன் ஆனவங்க ஈசிஜியில ஏற்கனவே மாற்றம் இருக்கும், அது டெஸ்டைக் குழப்பும். தேவைப்பட்டா ஸ்ட்ரெஸ் எக்கோ, ஸ்கேன், ஆஞ்சியோன்னு அடுத்த படிக்குப் போவாங்க.

அதே மாதிரி, ஒரு தொந்தரவும் இல்லாதவங்க வருஷா வருஷம் சடங்கு மாதிரி டிஎம்டி எடுக்கணும்னு வழிகாட்டுதல்கள் சொல்லல. காரணத்தோட எடுக்கணும்: வேலைக்குத் திரும்பணும், பயிற்சி ஆரம்பிக்கணும், புதுசா வலி வருது. இப்படி.

15/
மாத்திரை விஷயம். பைபாஸ் ஆனவங்கள்ல நிறைய பேர் இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுவாங்க. அதனால "220ல வயசைக் கழிச்சு 85 சதவீதம்"ங்கிற துடிப்புக் கணக்கு அவங்களுக்குச் சரியா வராது. துடிப்பு ஏறலன்னு பயப்படவும் வேணாம், டெஸ்டுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்தவும் வேணாம். டாக்டர் சொன்னா மட்டும்.

வீட்டுல நடக்கும்போது இன்னும் எளிய அளவு இருக்கு. நடந்துக்கிட்டே பக்கத்துல வர்றவர்கிட்டப் பேச முடியணும். பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டா வந்தா வேகத்தைக் குறைங்க. பாட்டே வருதுன்னா கொஞ்சம் கூட்டலாம்.

16/
"எங்க ஊர்ல டிரெட்மில்லே இல்லையே டாக்டர்?"

வேணாம். ஆறு நிமிட நடைச் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. 30 மீட்டர் நீளத்துக்குச் சமதளமான ஒரு வராண்டா, ரெண்டு முனையிலயும் ஒரு அடையாளம், ஒரு கடிகாரம், ஒரு நாற்காலி, பிபி மெஷின், பக்கத்துல ஒரு மருத்துவப் பணியாளர். ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்குறாங்கன்னு அளக்கணும். நடுவுல நிக்கலாம், மூச்சு வாங்கலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும்.

நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல எது இல்லாட்டியும் நீள வராண்டா இருக்கும்.

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி காலையில நடக்குறவங்களுக்கு ஒரு கணக்கு. குளம் சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஒரு சுத்து ஏறத்தாழ 1,200 மீட்டர். ஆரோக்கியமானவர் ஆறு நிமிஷத்துல அதுல பாதியை நெருங்கிடுவார். ஆபரேஷன் ஆனவர் ஒரு கரையைக்கூட முடிக்கல, அதாவது 300 மீட்டருக்குக் கீழன்னா, கவனிக்கணும்.

17/
இப்ப அந்த 6,213 ஆண்கள் விஷயத்துக்கு வருவோம்.

டிஎம்டி ரூம்ல பெண்கள் குறைவு. காரணம் சின்னச் சின்னதா இருக்கும். சேலையோட ஓடுற பட்டையில ஏற முடியாது. நெஞ்சுல ஒயர் ஒட்டணும், ரூம்ல ஆண் டெக்னீஷியன். "அதெல்லாம் எனக்கு எதுக்கு, வீட்டுல சும்மாதானே இருக்கேன்"னு அவங்களே சொல்லிடுவாங்க.

ஆபரேஷன் ஆன ஆம்பளையை வீடு கட்டில்ல உக்கார வைக்குது. ஆபரேஷன் ஆன பொம்பளை மூணாவது வாரம் அடுப்படியில நிக்கிறாங்க. ஒருத்தருக்கு வேலை ரொம்பக் குறைவு, இன்னொருத்தருக்கு ரொம்ப அதிகம். ரெண்டு வீட்டுலயும் யாரும் அளக்கல.

18/
மேலூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. பைபாஸ் ஆகி அஞ்சு வாரம். நெஞ்சுல "டக் டக்குன்னு சத்தம் கேக்குது"ன்னு வந்தாங்க. என்னம்மா வேலை செய்யுறீங்கன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், வீட்டு வேலைதான்"னாங்க. ஒண்ணொண்ணா கேட்டா, தெருக்குழாய்ல தண்ணி பிடிச்சுக் குடத்தை இடுப்புல தூக்குறாங்க.

ஒரு குடம் தண்ணி 12 முதல் 15 கிலோ. நெஞ்செலும்பு கூடுற வரைக்கும் 3 முதல் 5 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. அது "வீட்டு வேலைதான்" இல்ல, மூணு மடங்கு சுமை. உடனே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புனோம். நல்லவேளை, கம்பி அறுபடல.

எலும்பு கூடுனதும் அவங்களுக்கு ஆறு நிமிட நடை பார்த்தோம். சேலையில, வெறுங்கால்ல, வராண்டாவுல. 310 மீட்டர். ரெண்டு மாசம் நடந்த பிறகு 390. எண்ணைச் சொன்னதும் கூட வந்த மகன்கிட்டத் திரும்பி, "பாத்தியா, எழுதிக்க"ன்னாங்க. இதுக்கு முன்னாடி அவங்க செஞ்ச வேலைக்கு யாரும் கணக்கு எழுதுனதில்ல போல.

19/
எப்ப என்ன செய்யலாம்? பொதுவான கணக்கு, உங்க டாக்டர் சொல்றதுதான் முதல்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்: ஒரு தடவைக்கு 5 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, சமதளத்துல. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி 4 முதல் 6 வாரத்துல ஒரே மூச்சுல 30 நிமிஷம். "நடப்போம் நலம் பெறுவோம்"னு அரசு போட்ட 8 கிலோமீட்டர் பாதையைப் பார்த்துட்டு முதல் வாரமே இறங்கிடாதீங்க. சாப்பிட்ட உடனே நடக்காதீங்க. செருப்பு வழுக்காததா இருக்கட்டும்.

முழு அளவு டிஎம்டி பெரும்பாலும் 6 வாரம் தாண்டி, எலும்பும் புண்ணும் ஆறுனதைப் பார்த்துட்டுத்தான். ஓய்வுல இருக்கும்போதே நெஞ்சு வலி, கட்டுப்படாத இதயச் செயலிழப்பு, வால்வுல கடுமையான சுருக்கம், காய்ச்சல் இதெல்லாம் இருந்தா டிஎம்டி கூடாது. டெஸ்டுக்கு முன்னாடி மறைக்காமச் சொல்லுங்க.

20/
நடக்கும்போது நெஞ்சு வலி, தாடை அல்லது இடது கைக்குப் பரவுற வலி, மூச்சுத் திணறல், கண்ணு இருட்டுறது, படபடப்பு வந்தா உடனே உக்காருங்க. ஓய்வுல போகலன்னா 108.

நெஞ்செலும்புல சத்தம், புண்ணுல நீர் கசியுறது, காய்ச்சல் வந்தா காத்திருக்காம ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் போங்க.

இன்னொண்ணு. டெஸ்ட் நல்லா வந்துருச்சுன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. நெஞ்சுத் தமனியை வச்சுப் போட்ட பாதை பத்து வருஷத்துக்குப் பிறகும் 90 சதவீதம் பேருக்குத் திறந்திருக்கும். கால் சிரையை வச்சுப் போட்டதுல கிட்டத்தட்டப் பாதி அதுக்குள்ள அடைபடும். அந்தப் பாதியைத் தள்ளிப்போடுறது மாத்திரை, புகையை விடுறது, நடை.

21/
அடுத்த தடவை செக்கப் போகும்போது "நான் நல்லாயிட்டேனா?"ன்னு கேக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க.

"எனக்கு நடைச் சோதனையோ டிஎம்டியோ எப்ப பார்க்கலாம்?"
"என்னோட மெட் எவ்வளவு, இல்லன்னா ஆறு நிமிஷத்துல எத்தனை மீட்டர்?"
"அதை வச்சு நான் பார்க்குற இந்த வேலையைச் செய்யலாமா?" இந்த இடத்துல வேலையைப் பேர் சொல்லிக் கேளுங்க. குடம், மூட்டை, மம்பட்டி, மாடிப்படி, எதுவா இருந்தாலும்.

அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டுக்குப் பின்னாடி தேதி போட்டு எழுதி வாங்கிக்கங்க. மூணு மாசம் கழிச்சு அடுத்த எண்ணை அதுக்குக் கீழ எழுதுங்க.

உங்க வீட்டுல பைபாஸ் ஆன ஒரு அப்பா கட்டில்ல உக்காந்திருக்கலாம், ஒரு அம்மா குடம் தூக்கிட்டு இருக்கலாம். அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.